ஏழாவது வீட்டுக் கூரை

உங்கள் குடியிருப்பில் டிரோன்காரர் யாராவது இருக்கிறாரா? அவசரப்பட்டு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு நிமிடம் வாசலுக்கு வந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே பெரிய கொசு ஒன்று வேலைக்குக் கிளம்பியதுபோல ஒரு சத்தம் கேட்கிறதா? கேட்டால், கிட்டத்தில் எங்கேயோ அரைக்கால் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கையிலிருக்கும் ரிமோட்டையே பார்த்தபடி, வாயைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருப்பார். அவரேதான். இந்த இனத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வானத்தில் பறக்கிற பொருளுக்குச் சொந்தக்காரர் வானத்தைப் பார்க்கவே மாட்டார். எப்போதும் குனிந்தே இருப்பார்.

கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவர்களை நான் சொல்லவில்லை. அது அவர்கள் பிழைப்பு. எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களில் மரத்துக்கு மருந்து தெளிக்கிற பெரிய டிரோன்காரர்களையும் சொல்லவில்லை. முன்பு முதுகில் மருந்து டாங்கி சுமந்தவர்களின் தோள்வலியைக் குறைத்த புண்ணியவான்கள் அவர்கள். நான் சொல்லுகிறவர் வேறு. அவருக்கு டிரோனால் ஒரு வேலையும் கிடையாது. முதலில் வாங்கிவிட்டு, பிறகு வேலை தேடிப் புறப்படுவார். அந்த வேலை உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதுதான் இதில் ஆபத்து.

மலேசியாவில், குளுவாங் ஊருக்கு வெளியே, கடைசிக் கடை முடிந்து செம்பனை ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது எங்கள் தாமான், நாற்பது வீட்டுக் குடியிருப்பு. அங்கே இந்த இனத்தின் உத்தமமான மாதிரி ரூபேந்திரன். தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் இயந்திரப் பராமரிப்பு சூப்பர்வைசர். முன்கூட்டியே ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பராமரிக்க வீட்டில் இயந்திரம் எதுவும் இல்லை. மனைவி வாசுகி இருந்தாள், ஆனால் அவளுக்குப் பராமரிப்பு தேவைப்படவில்லை. காலை ஐந்து மணிக்கு எண்ணெய்ச் சட்டியை ஏற்றினால் மாலைக்குள் முப்பது டப்பா முறுக்கு சுட்டு முடிப்பவள். பத்தாங் பகாட் வரைக்கும் அவள் முறுக்குக்குப் பெயர். அதற்கென்றே ஒன்பது வருஷத்துக்கு முன் வீட்டின் பின்பக்கத்தை இழுத்துக் கட்டி, தட்டையான சிமெண்டுத் தளம் போட்டு, விசாலமாக ஒரு குசினி எழுப்பிக் கொடுத்திருந்தார் ரூபேந்திரன். வாழ்நாளில் அவர் தனக்கென்று இல்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான் என்று வாசுகியே பெருமையாகச் சொல்லுவாள்.

டிரோன் வந்த அன்று அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“எதுக்குங்க இது?”

“ஒரு பாதுகாப்புக்குத்தான் லா.”

“எதுலேருந்து பாதுகாப்பு?”

“அது மேலேர்ந்து பார்த்தாத்தான் தெரியும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ரூபேந்திரனுக்கு அதுதான் மந்திரம். பாதையில் வண்டி நெரிசலா? மேலேர்ந்து பார்த்தாத்தான் தெரியும். பால்மரத் தோப்பில் கருப்பாயி அக்காவின் மாட்டைக் காணோமா? மேலேர்ந்து பார்த்தாத்தான் தெரியும். பார்த்தார். மாடும் அண்ணாந்து அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு எடுத்த ஓட்டத்தில் அடுத்த தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அக்காவுக்கு அதை ஓட்டிவர இரண்டு நாள் ஆயிற்று. “இருந்த எடம் தெரிஞ்சுதா இல்லையா?” என்று கேட்டார் ரூபேந்திரன். தெரிந்தது, பாவம், அவள் என்ன சொல்லுவாள்.

அந்தப் பொருளின் அருமை பெருமையை அவர் வாயால் கேட்க வேண்டும். இருநூற்று நாற்பத்தொன்பது கிராம்! பெண் குழந்தையின் பிறந்த நட்சத்திரத்தைச் சொல்லும் தகப்பனைப்போல அந்த எண்ணைச் சொல்லுவார். இருநூற்றைம்பதைத் தொட்டால் சட்டம் வேறாம், அதனால் வெள்ளைக்காரனும் சீனனும் மூளையைக் கசக்கி ஒரு கிராமை மிச்சம் பிடித்திருக்கிறார்களாம். நான்கு கையும் மடங்கும், மடக்கினால் சட்டைப் பையில் போய்விடும். கேமராவுக்கு ஒரு சின்னக் கழுத்து இருக்கிறது, உடம்பு எப்படி ஆடினாலும் கழுத்து ஆடாது, படம் குலுங்காது. முன்னாலும் கீழேயும் கண்கள் இருக்கின்றன, சுவரைக் கண்டால் தானாக நின்றுவிடும். “மனுஷனுக்குக்கூட இந்த அறிவு கெடையாது” என்பார், கேட்கிறவரை உற்றுப் பார்த்தபடி.

இப்படிப்பட்ட பொருளுக்கு ஆயுத பூஜை செய்யாமல் இருக்கலாமா? செய்தார். இயந்திரத்தோடு வாழ்ந்த மனுஷன், ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைத்தே பழகிய கை. டிரோனைக் குளிப்பாட்டாத குறையாகத் துடைத்து, நான்கு கைக்கும் விபூதி பூசி, கண் என்றால் கண்தானே என்று அந்த முன்பக்கக் கண் இரண்டுக்கும் மேலே தாராளமாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, வேல் படம் போட்ட ஒட்டுவில்லை ஒன்றையும் முதுகில் ஒட்டினார். மறுநாள் பறக்கவிட்டால் எழும்பியது, ஆனால் ஓர் அடி முன்னால் போக மறுத்தது. எதிரே சுவர் இருப்பதாக அடித்துச் சொன்னது. திடல் முழுக்கப் புல்லைத் தவிர ஒன்றுமில்லை. அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசுகி ஈரத்துணியால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டு, கையோடு மாவு நிறுக்கும் தராசிலும் வைத்துப் பார்த்தாள்.

“ஒட்டுவில்லையோட எரநூத்தி அம்பத்தி ஒண்ணு வருதுங்க.”

அன்று சாயங்காலமே வேல் உரிக்கப்பட்டு, பேட்டரியை எடுத்துவைக்கிற பெட்டிக்கு மாற்றலாயிற்று. இதை வெளியில் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவள் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

பறக்கவிடுவதற்கு முன் நடக்கும் சடங்குகள் தனி. முதலில் டிரோனை இரண்டு கையாலும் படுக்கையாக ஏந்திக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்ற வேண்டும். பிறகு செங்குத்தாகப் பிடித்து இன்னொரு சுற்று. திசை காட்டுவதைச் சரிசெய்கிறாராம். முதல் தடவை இதைப் பார்த்த பக்கத்துத் தெரு மலாய்க்காரப் பாட்டி, அவருக்கு உடம்பு சரியில்லை என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்தது, அந்த ஆரஞ்சு வட்டம். டிரோன் ஏறவும் இறங்கவும் தரையில் விரிக்கிற துணி. நடுவில் பெரிதாக ஆங்கில எழுத்து எச். பையிலிருந்து எடுத்து உதறினால் பட்டென்று விரிந்துகொள்ளும். அதைத் திரும்ப மடிப்பதற்குத்தான் இருபது நிமிடமும் மூன்று ஆளும் வேண்டும். எங்கள் தாமானில் அந்த வட்டத்தை மடிக்க உதவாத ஆண்பிள்ளை கிடையாது.

அந்த வட்டம் ஒரு நாள் காணாமல் போயிற்று. வாட்சாப் குழுவில் அதன் புகைப்படத்தைப் போட்டு, ‘காணவில்லை, கண்டுபிடித்துத் தருபவர்களுக்கு முறுக்கு இனாம்’ என்று அறிவித்தார். நூற்றுப் பதினான்கு பேர் பார்த்தார்கள். வீட்டில் வாசுகியைக் கேட்டார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. “இங்கதான் எங்கயாச்சும் இருக்கும், இப்ப என்னை விடுங்க” என்றாள். விட்டுவிட்டார்.

கடைசியாக, பாடம். பிடிபட்டவர்கள் எல்லோருக்கும் முதல் பாடம் இலவசம். “டிரோன் நமக்கு முதுகைக் காட்டிப் போறப்போ அதோட வலது நம்ம வலது. மூஞ்சியக் காட்டித் திரும்பி வர்றப்போ அதோட வலது நம்ம இடது. இத மறந்தவன் மரத்துல மோதுவான்.” ரொட்டி சானாய் கடைக்காரர், தபால்காரர், காஸ் தோம்பு கொண்டுவருகிற பையன், எல்லோருக்கும் இது மனப்பாடம். மரத்தில் மோதாமல் பிழைத்துக்கொள்வார்கள்.

இவ்வளவும் சிரிப்புத்தான். சிரிப்பு இல்லாத ஒரு விஷயம் எங்கள் தாமானில் உண்டு. அது புஷ்பவள்ளி டீச்சர் வீட்டு பிரிட்ஜ். அது மூன்று வருஷமாகச் செங்கல் மேல் நிற்கிறது.

எங்கள் தாமானில் இரண்டு வரிசை, ஒரு முனையில் மெயின் ரோடு, மறுமுனையில் திடல். மேட்டு வரிசையில் இருபது வீடு, பள்ளத்து வரிசையில் இருபது வீடு. மேட்டு வரிசையின் முதுகோடு ஒரு லோங்காங் ஓடுகிறது. செம்பனை மேட்டிலிருந்து வழிகிற மழைத்தண்ணீர் முழுக்க அந்தச் சாக்கடையில்தான் இறங்கி ஓட வேண்டும். மூன்று வருஷமாக டிசம்பர் மழைக்கு அது ஓடவில்லை. பொங்கி வழிந்து, நேராகப் பள்ளத்து வரிசையில், பாலர் பள்ளியில் பாதித் தாமானுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்த புஷ்பவள்ளி டீச்சரின் கூடத்துக்குள் நுழைந்தது. முழங்கால் மட்டம். தனியாக இருக்கிற மனுஷி, நாற்காலியை மேஜை மேல் ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்து விடியும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு டிசம்பர் தாங்காது, வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டு மூலையில் போய் ஒண்டிக்கொள்ளலாம் என்று அவள் ஆள் பார்த்துக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும்.

நகராண்மைக் கழகத்துக்கு எழுதிப் பார்த்தார்கள். மேட்டு வரிசையில் எவரோ குசினியை இழுத்துக் கட்டி லோங்காங்கை மூடியிருக்கிறார், எந்த வீடு என்று சொல்லுங்கள் என்று பதில் வந்தது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் நாராயணன் இருபது வீட்டிலும் ஏறி இறங்கினார். இருபது வீட்டிலும் ஒரே பதில்: எங்க வீடு இல்ல. பின்னால் போய்ப் பார்க்கவும் முடியாது. ஒவ்வொருவரும் சுவரை இழுத்து இழுத்து, பின்சந்து என்று ஒன்று இருந்த இடத்தில் இப்போது புதரும் பாம்பும்தான் இருக்கின்றன. சும்மா சொல்லக் கூடாது, இந்த ஒரு வேலைக்கு டிரோனை விட்டால் வேறு ஆள் கிடையாது. ரூபேந்திரன் ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த வேலை கடைசியில் அவர் காலடியிலேயே கிடைத்துவிட்டது.

பறக்கவிடும் முன்பே குற்றவாளி யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சோமு. மேட்டு வரிசையில் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து ஏழாவது வீடு. வாரத்தில் ஆறு நாள் சிங்கப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில், இருந்தாலும் வாய் பேசாத ஆள். அந்த வாய் பேசாத ஆள் ஒரே ஒரு தடவை வாய் திறந்திருந்தான்: “அண்ணே, எங்க வீட்டு மேல அத விடாதீங்க. புள்ளைங்க துணி காயுது.” இதைவிட வேறு சாட்சி எதற்கு? மறைக்க ஒன்றும் இல்லாதவன் மேலே பறப்பதற்கு ஏன் பயப்படுகிறான்? ரூபேந்திரனுக்கு அன்றிலிருந்து சோமுவின் மேல் ஒரு கண். ரூபேந்திரன் வீடும் அதே வரிசைதான். திடல் பக்கமிருந்து ஏழாவது.

சனிக்கிழமை காலை, நல்ல வெயிலில், திடலிலிருந்து டிரோன் எழும்பியது. வரிசையின் முதுகோடு மெயின் ரோடு வரை போயிற்று. போகும்போது சூரியன் கேமராவில் விழுந்து படம் வெளுத்தது. சரி, வரும்போது எடுப்போம் என்று டிரோனைத் திருப்பினார். அது அவருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, ஆடாத கழுத்தோடு, இருபது கூரையையும் ஒரே படத்தில் அள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தது. அன்று மத்தியானம் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, இடப்பக்கம் மெயின் ரோடு என்று அங்கிருந்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது வீட்டின் பின்பக்கம் அகலமாகத் தட்டையான ஒரு தளம். மற்ற பத்தொன்பது வீடும் லோங்காங்குக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டிருக்க, இது மட்டும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து அந்தப் பக்கச் சுவரைப் பிடித்திருந்தது. “மாட்டினான்டா!” என்று தொடையில் தட்டினார். பக்கத்தில் முறுக்கு டப்பா அடுக்கிக்கொண்டிருந்த வாசுகி பதறிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் கூட்டம். அறுபது பேர். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ, வாசுகியின் முறுக்கு, சுவரில் வெள்ளைத் துணி, புரொஜெக்டர். சோமு கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரூபேந்திரன் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்தார். முதல் பதினைந்து நிமிடம் டிரோனின் அமைப்பு. அடுத்த பத்து நிமிடம் அதன் கழுத்து. நாராயணன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்த பிறகு படம் வந்தது. சிவப்பு ஒளி வீசும் குச்சியை எடுத்து அந்தத் தளத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

“பாத்துக்குங்க! மனசாட்சி இருக்கிறவன் கட்டுற கட்டடமா இது? தான் ஆக்கித் தின்னணும்னு அடுத்தவங்க வீட்டுல தண்ணிய ஏத்துறான். டீச்சர் மூணு வருஷமா தூங்கல. இவன் தூங்குறான்! பேரு சொல்ல மாட்டேன். ரோட்டுப் பக்கமிருந்து ஏழாவது வீடு.”

அறுபது தலையும் சோமு பக்கம் திரும்பின. சோமு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பதினாலு நாளைக்குள்ள ஒடைக்கணும். ஒடைக்காட்டி சங்கமே ஆள் வெச்சு ஒடைக்கும். தீர்மானம் போடுங்க” என்றார் ரூபேந்திரன். நாராயணன் எழுதினார். கை தூக்கச் சொன்னார். எல்லோரும் தூக்கினார்கள். ரூபேந்திரன் குச்சியோடு சேர்த்துத் தூக்கினார். வாசுகியும் தூக்கினாள், டீச்சர் மேல் அவளுக்குப் பிரியம். கடைசியில் சோமுவும் தூக்கினான்.

“யார் வீடா இருந்தாலும் ஒடைக்கட்டும்ணே” என்றான்.

அப்போதுதான் புஷ்பவள்ளி டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். “தம்பி, அந்தத் தளத்து மேல ஆரஞ்சுக் கலர்ல வட்டமா ஒண்ணு தெரியுதே, அது என்ன?”

கேள்வி கேட்டால் ரூபேந்திரனுக்குக் குஷி. “அதான் டீச்சர் இந்தக் கேமராவோட சக்தி! பெருசாக்குறேன் பாருங்க.” பெருசாக்கினார். வட்டம் வளர்ந்தது. அதன் மேல் பரப்பியிருந்த காய்ந்த மிளகாய் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மிளகாய்க்கு நடுவே எச் என்ற எழுத்து தெளிவாகத் தெரிந்தது. என்ன கேமரா, என்ன தெளிவு! அறுபது பேருக்கும் அந்த வட்டம் யாருடையது என்று தெரிந்துவிட்டது. நூற்றுப் பதினான்கு பேர் பார்த்த அறிவிப்பு அல்லவா?

பின்னாலிருந்து முதலில் வந்தது வாசுகியின் குரல்தான்.

“அலமாக்! மொளகாய எடுக்க மறந்துட்டேன்.”

ரூபேந்திரன் படத்தைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். மறுபடியும் இடமிருந்து எண்ண ஆரம்பித்தார். ரொட்டி சானாய் கடைக்காரர் உதவிக்கு வந்தார், நல்ல மனுஷன்: “மூஞ்சியக் காட்டித் திரும்பி வர்றப்போ அதோட வலது நம்ம இடதுண்ணே. நீங்கதானே சொன்னீங்க.”

“நான் மூடல!” என்று கத்தினார் ரூபேந்திரன். “கீழ கொழாய் போட்டிருக்கேன். கான்ட்ராக்டரே சொன்னான், தண்ணி ஜோரா போகும்னு.”

“எத்தனை அங்குலம்?” என்றார் நாராயணன்.

ரூபேந்திரன் குச்சியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆறு அங்குலம். ஒரு மேட்டுத் தண்ணீர் முழுக்க ஆறு அங்குலத்துக்குள் போய்விடும் என்று இருபத்தெட்டு வருஷம் இயந்திரத்தைப் பராமரித்த மனிதர் ஒன்பது வருஷமாக நம்பியிருக்கிறார். முதல் ஆறு வருஷம் எப்படியோ தாக்குப்பிடித்த குழாய் பிறகு சேறு அடைத்துக்கொண்டது; கட்டின பிறகு அதைக் குனிந்து ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் வாசுகி நேராகக் குசினிக்குப் போனாள். அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, முறுக்குக் குழல், சுவர் முழுக்க அவள் கையால் ஒட்டிய ஆர்டர் சீட்டுகள். நடுவில் நின்றாள்.

“ஒம்பது வருஷமா இதுலதான்ங்க நின்னேன். எனக்காகக் கட்டிக் குடுத்தீங்கன்னு ஊரெல்லாம் சொன்னேன். என் காலுக்குக் கீழதான் டீச்சர் வீட்டுத் தண்ணி நின்னுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லலியே நீங்க.”

“எனக்கே தெரியாது வாசுகி.”

“பாத்தாத்தானே தெரியும்.”

மறுநாளே ஆள் வரச் சொன்னவள் அவள்தான். பதினான்கு நாள் எதற்கு என்று கேட்டாள். அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அடுப்பை முன்பக்கம் கார் நிற்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டுவந்தாள். அந்த டிசம்பரில் மழை வழக்கத்துக்குக் குறைவில்லாமல் கொட்டியது. லோங்காங் ஓடியது. புஷ்பவள்ளி டீச்சர் விடியும்வரை விழித்திருந்து, கால் நனையாமல், பிறகு பிரிட்ஜைக் கீழே இறக்கினாள். வீட்டை விற்கிற பேச்சையும் விட்டாள். மிச்சமான செங்கல்லை ஒரு தள்ளுவண்டியில் போட்டு வாசுகி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள், அடுப்புக்கு மேடை கட்டிக்கொள்ளச் சொல்லி. இப்போது வாசுகியின் முறுக்கு அந்தச் செங்கல் மேல்தான் வேகிறது. கார் வெயிலில் நிற்கிறது.

ரூபேந்திரன் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? என்ன வெள்ளை மனசு உங்களுக்கு. குசினி இடிபடுவதை நான்கு கோணத்தில் படம் பிடித்து, உருமி மேளம் சேர்த்து, ‘டிரோன் தொழில்நுட்பத்தால் தீர்ந்த வெள்ளப் பிரச்சினை’ என்று குழுவில் போட்டார். யார் குசினி என்று போட இடம் போதவில்லைபோல. இருநூறு பேர் கைதட்டினார்கள். பக்கத்துத் தாமான்காரர்கள் வந்து கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கேயும் யாரோ ஒருவன் எதையோ மூடிவிட்டானாம். சோமுவிடம் மட்டும் அவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. தவறு டிரோனுடையது என்பது அவர் கட்சி, அது முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டதாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் டிரோன் இல்லை, எனக்குத் தெரியும். கையில் ஒரு போன் இருக்கிறது, அவ்வளவுதானே. அதில் எவன் எங்கே வண்டி நிறுத்துகிறான், எவள் எங்கே குப்பை கொட்டுகிறாள், எந்த வீட்டில் கூரை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, குழுவில் நான்கு வரி எழுதி, கோபமாக ஒரு பொம்மை முகமும் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். தப்பே இல்லை. ஊருக்கு உங்களைப் போன்றவர்கள் தேவை. அடுத்த தடவை அப்படி எண்ணி எண்ணி ஒருவன் வீட்டைக் கண்டுபிடித்து, அதன் மேல் விரலை வைத்து, இவன்தான் என்று தொடையில் தட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை மட்டும் செய்யுங்கள். அந்தக் கூரை மேல் உங்கள் வீட்டு மிளகாய் ஏதாவது காய்கிறதா என்று பாருங்கள்.